இஸ் எங்கே நிற்கிறது

மனாமா கம்பெனிக்கு நான் போட்ட முதல் மெயில் ஒரே வரி.
ஹி இஸ் வொர்க்கிங் இன் யுவர் போட்.
கேட்டுவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.
மறுநாளே பதில் வந்தது:
நோட்டட், தேங்க்ஸ்.

கூட்டப்புளியில் கேள்விக்கு வால் போதும்.
வேல பாத்துட்டு இருக்காவ,
அதன் நுனியில் ஒரு ளா ஒட்டினால்
பிரகாசி அக்கா கருவாடு புரட்டுவதை நிறுத்தி
நிமிர்ந்து பதில் சொல்வாள்.
போனில் அதுகூட வேண்டாம்.
குரல் கடைசியில் கொஞ்சம் ஏறினால்
கேட்கிறேனா சொல்கிறேனா
என்று அவருக்குத் தெரியும்.
எழுத்துக்குத் தொண்டை இல்லை.

அவர் பேசி நாற்பத்தொரு நாள்.

டெல்சியின் ஏழாம் வகுப்பு நோட்டில் கிடந்தது:
வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றுக.
ஷி இஸ் ஈட்டிங் எ மாங்கோ.
இஸ் ஷி ஈட்டிங் எ மாங்கோ?
சிவப்பு மையில் ஒரு சரி.
இவ்வளவுதானா.
இஸ் ஆளைத் தாண்டி முன்னால் போய் நிற்க வேண்டும்.
வொர்க்கிங் இருந்த இடத்திலேயே இருக்கும்.
வேர் வந்தாலும் அப்படித்தான்,
வேர் ஹி இஸ் என்று எழுதியதை அடித்தேன்.
டஸ் போட்டால் அது வழக்கத்தைக் கேட்பது.
எனக்கு வழக்கம் தெரியும்,
பதினாறு வருசமாகத் தெரியும்.
எனக்கு இன்றைக்குப் பகல் வேண்டும்.

காவல்கிணறு பஸ்ஸில்,
காற்றாடிகளுக்கு நடுவே சிக்னல் வந்து வந்து போக,
கட்டைவிரலால் எழுதினேன்.
ஹி என்று அடிக்கக் கை கூசியது,
அதில் அவருக்கு மரியாதை இல்லை.
இஸ் ஹி வொர்க்கிங்?
வேர் இஸ் ஹி ஸ்டேயிங்?
இஸ் ஹி ஈட்டிங்?
மூன்றாவதை வேண்டாமென்று அழித்தேன்.
ராதாபுரம் விலக்கு தாண்டியதும் திரும்பப் போட்டேன்.

வி ஆர் செக்கிங் என்று வந்தது.
பிழை சொல்ல முடியாத வாக்கியம்.
ஆர், சொல்லும்போது நிற்க வேண்டிய இடத்தில்,
ஆளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது.
என்றைக்கு முடியும் என்பது மட்டும்
அதற்குள் எங்கேயும் இல்லை.

இன்று ஒன்பதாம் நாள்.
அவர்கள் வாக்கியத்தையே எடுத்தேன்.
வி இருந்த இடத்தில் யூ,
ஆரைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன்.
ஆர் யூ செக்கிங்
கேள்விக்குறி ஒன்று போதும், தெரியும்.
இரண்டு போட்டேன்.