ஒன்பதாம் அறையின் கணக்கு

லிங்கராஜபுரம், காலை ஆறே கால்.
ஆம்புலன்ஸ் போய் ஒரு மணி நேரம்.
ஒன்பதாம் அறையின் மருந்துப் பெட்டியை
மேசைமேல் கவிழ்க்கிறோம்,
நானும் பிபியானாவும்.
எண்ண ஒருவர், சாட்சிக்கு ஒருவர்.

ரத்த அழுத்தத்துக்குப் பதினெட்டு.
சர்க்கரைக்கு இரண்டு அட்டை, ஒன்று பிரிக்காதது.
வலிக்கு ஒட்டும் பட்டைகள் மூன்று.
பசை பசையோடு சேர இரண்டாய் மடிக்கிறேன்,
இனிப் பேசாத உதடுகள் மாதிரி.
அட்டைமேல் அவர் பெயரைக்
கறுப்பு மையால் அடிக்கிறேன்.
வெங்கோபராவ். வெங்கோப. வெங்.

வண்டியில் ஏறும்போது மகன் கேட்டார்,
பிரிக்காததைக் கடையில் திருப்பித் தரலாமா என்று.
முனிலட்சுமி எதுவும் கேட்கவில்லை.
அவள் வீட்டுக்காரருக்கும் அதே மாத்திரை,
அதே மில்லிகிராம்.
கூடாது என்றேன்.
துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள்தான் தலையணையைத் தூக்கினாள்.
தையல் விட்ட வாயிலிருந்து
உதிர்ந்தன
வெள்ளை, இளஞ்சிவப்பு,
பாதி கரைந்து மறுபடி காய்ந்தவை.
முப்பத்தொன்று.

இரவுதோறும் வாயைத் திறந்து காட்டி
"நுங்கிதெ" என்பார்.
விழுங்கிவிட்டாராம்.
நான் டிக் போடுவேன்.
முப்பத்தொரு டிக்கில் இருபத்தாறு என் கை.

கழிப்பறைக்கு நாலே எட்டு.
ஒரு தடவை அழுத்தினால் முடிந்தது.
அந்தத் தண்ணீர் போகும் வழி எனக்குத் தெரியும்:
ராஜகால்வாய், ஏரி, நுரை,
நுரைக்கடியில்
எந்த அழுத்தமும் இல்லாத ஒரு மீன்.

பிபியானா பேசவில்லை.
பேனாவின் மூடியைக் கழற்றி
என் பக்கம் வைத்தாள்.

பதிவேட்டில் மூன்று கட்டங்கள்.
காலாவதி. நிறுத்தியது. மீதம்.
இவை எதிலும் அடங்காதவை.
ஓரத்தில் எழுதினேன்:
தலையணைக்குள் 31. நான் கவனிக்காதவை.
கடைசிச் சொல்லை அடிக்கப் போய்
கையை எடுத்துக்கொண்டேன்.
சாட்சி: பிபியானா திர்க்கி.

மஞ்சள் பை. இறுக்கிய முடிச்சு.
வண்டி வியாழக்கிழமைதான் வரும்.
அதுவரை பூட்டிய அலமாரியில்
அவர் இருப்பார், நூற்று நாற்பது கிராம்.
சாவி என் இடுப்பில்.

இரவு எட்டரை. மறுபடி என் முறை.
பத்தாம் அறையில் பிலோமினா டீச்சர்
விழுங்கிவிட்டு வாயைத் திறக்கிறார்,
பல் இல்லாத, பொய் இல்லாத வாய்.
பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

"நாக்கைக் கொஞ்சம் தூக்குங்க, டீச்சர்."

மன்னிப்புக் கேட்கிற குரலில்தான்
வருகிறது அது.