காதெழுத்து

டிபன் பெட்டியை
மேசைக்கு அடியில் வைத்துத் திறப்பாள் ரிஸ்தென்.
உலர்த்திய பனிமான் கறி.
புகைவாசம் மட்டும் மேலேறி வந்து
இவள்தான் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

"உங்க வீட்டுல எத்தனை மான்?"
ட்ரோம்ஸோ பள்ளியில் எல்லோரும் கேட்கிறார்கள்.
தெரியாது என்பாள்.
தெரியாமல் என்ன.
"உங்கப்பாவுக்கு வங்கியில எவ்வளவுன்னு
திருப்பிக் கேளேன்" என்பாள் அம்மா,
பனி ஸ்கூட்டருக்கு பெல்ட் மாட்டியபடி.
கேட்டதில்லை.

ஜூன். இரவு ஒரு மணி. வெயில்.
பட்டிக்குள் ஆயிரம் குளம்புகள்
ஒரே பக்கமாய்ச் சுழல,
அவளே சுருக்கு வீசி இழுத்த கன்று
மடியில் கிடந்து உதைக்கிறது.
இடக்காதில் இரண்டு வெட்டு,
வலக்காதின் நுனியில் ஒன்று.
அப்பாவின் குறி இல்லை இது,
அண்ணன் மாத்தேயுடையதும் இல்லை.
அவள் பிறந்த வருடம்
அவள் பெயரில் பதிந்தது.
கத்தி சின்னது. கை நடுங்கியது.
கன்று எழுந்து தலையை உதறி
தாயைத் தேடிப் போனது,
இவளைத் திரும்பியும் பாராமல்.

வேலிக்கு அப்பால்
காபி குடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர்
ஓடும் காதைப் படித்துவிட்டுச் சொன்னார்:
"அது ரிஸ்தெனோடது."
அவளை அவர் பார்த்ததே இல்லை.

தலையெழுத்து என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஆகஸ்டில்
பெட்டி மேசைமேல் இருந்தது.
பக்கத்து இருக்கை ஸிவெர்ட் ஒரு துண்டு கேட்டான்.
மென்றான். மென்றான்.
"உப்பு" என்றான்.
"இன்னும் மெல்லு.
அவசரப்பட்டா ஒண்ணும் தெரியாது."

எத்தனை மான் என்று கேட்கத்தான் இருந்தான்.
வாயில் கறி.