வாயில் பையோடு ஒரு மான்

அந்த விமானத்தைச் செய்தது நான்தான்.
மடத்தடிச் சந்தியில் என் பனர் கடை,
கரண்ட் வருவதும் போவதுமாய் இருந்த ஒரு வெள்ளி இரவு.
யாரோ ஓர் எண்ணெய் முதலாளியின் விமானம் அது.
வாலைச் சுரண்டி
போதகரின் பெயரைப் பொன்னெழுத்தில் வளைத்தேன்.
படிக்கட்டில் அவரையே நிறுத்தினேன்:
ஞாயிறு காலை ஆறரைக்கு ரீவியில் வருவாரே,
அந்த வெள்ளைக் கோட்டு, அந்த உயர்த்திய கை.
பின்னணிக்கு என்னிடம் கிடந்தது
கோட்டை வாசலுக்கு முன்னால்
எப்போதோ நான் எடுத்த கடற்கரைப் புல்வெளி.
ஓரத்தில் ஒரு புள்ளிமான்,
வாயில் சிவப்புப் பொலித்தீன் பை.
வெட்டி எடுக்கப் பஞ்சியாய் இருந்தது. விட்டுவிட்டேன்.

கீழே ஒரு வரி:
"உங்கள் காணிக்கை பறக்கிறது."
கோபத்தில்தான் எழுதினேன்.
கொழும்பில் ஏழு கழிப்பறை வைத்த வீடு
அவருக்கு இருப்பது உண்மை.
உறுதி இலக்கத்தோடு பத்திரிகையில் வந்தது.
அதை முன்பு எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன்.
மூன்று பேர் பார்த்தார்கள்.
ஒருவன் பதிலுக்கு "குட் மோர்னிங்" போட்டான்.

விமானமோ சனி விடிவதற்குள் மூதூர் போனது,
கிண்ணியா, தம்பலகாமம்,
ரொறொன்ரோவில் என் சித்தப்பா மகனிடம் போய்
அங்கிருந்து எனக்கே திரும்பி வந்தது:
"டேய், உங்கட ஊரில இறங்கியிருக்கு, பார்த்தியா?"

ஓட்டோ ஸ்ராண்டில் நீக்கிலாஸ் சொன்னார்,
சீனக்குடாவில் இறங்கும்போது மச்சான் கண்ணால் கண்டானாம்.
மீன் சந்தையில் விலை வைத்தார்கள்:
காலையில் நாற்பது கோடி, மத்தியானம் நானூறு,
பின்னேரம் இரண்டு விமானம்.
கள்ளன் என்றார்கள்.
அவற்ற காசு, உனக்கென்ன என்றார்கள்.
எங்கட சனத்தில ஒருத்தனுக்கு விமானம் இருந்தா
ஏன் உங்களுக்கு எரியுது என்று
ஒரு பேச்சு எழும்பியது. அதுதான் வென்றது.
அந்தப் புல்லில் தினம் பந்தடிக்கிற பெடியள்கூட
இது எங்கட புல் என்று சொல்லவில்லை.

திங்கள் யசிந்தா அக்கா வந்தா.
ஆஸ்பத்திரியில் கட்டில் விரிப்பு வெளுக்கிறவ,
போதகருக்கு மாதம் ஐந்நூறு அனுப்புகிறவ.
போன் திரையை இரண்டு விரலால் விரித்தா,
விரலில் குளோரின் மணம்.
"பெரிசா அடிச்சுத் தா, வீட்டில மாட்ட."

அக்கா, இது பொய். நான் செய்தது. இந்தக் கொம்பியூட்டரில்.

சொல்லிவிட்டேன். தொண்டை காய்ந்துபோனது.
அவவின் பார்வையில் கோபமே இல்லை.
"நான் பிளேனில ஏறினதில்ல தம்பி.
அவர் ஏறினா நான் ஏறின மாதிரி.
நீ செய்தா என்ன?
ஆண்டவர் உன்ர கையால காட்டியிருக்கிறார்."
இந்த மாதத்தில் இருந்து ஆயிரம் என்றா.

வியாழக்கிழமை
போதகரின் ஆட்கள் இருவர், இஸ்திரி மடிப்புக் கலையாதவர்கள்,
பத்தடிக்கு இருபதடி பனர் கேட்டு வந்தார்கள்.
பென் டிரைவில் என் விமானம்.
கீழ்வரியை மட்டும் மாற்றியிருந்தார்கள்:
"உங்கள் காணிக்கையால் பறக்கிறோம்."
ஞாயிறு கூட்டம். எரிபொருள் நிதி.
நான் வாய் திறக்கவில்லை.
முற்பணத்தை இரண்டு தரம் எண்ணினேன்.

பெரிதாக்கியதும் மான் கன்றுக்குட்டி அளவு நின்றது.
இதை எடுத்துவிடவா என்று கேட்டேன்.
மூத்தவர் கண்ணாடியை ஏற்றிக் கிட்ட வந்து பார்த்தார்.
"மான் எண்டால் ஆத்துமா, தம்பி. அது நிற்கட்டும்.
அந்தப் பையை மட்டும் எடும்."

எடுத்தேன்.
நாலு கிளிக்.
பை தொங்கிய இடத்தில் கொஞ்சம் புல் வைத்தேன்,
நிஜப் புல்லைவிடப் பச்சையாய்.

பனர் மெல்ல மெல்ல வெளியே உருண்டுகொண்டிருந்தது.
கடைவாசலில், வெட்டுத் துண்டுகள் போடும் பெட்டிக்குள்
மான் ஒன்று தலையை விட்டிருந்தது.
ச்சூ என்றேன்.
நிமிர்ந்தது. வாயில்
பழைய தேர்தல் பனர் ஒன்றின் மூலை,
யாரோ வேட்பாளரின் பல்வரிசை.
மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.