தடயம் எண் ஏழு

பலமநேர் வனச்சரக அலுவலகம்.
மேசையில் இரண்டு அம்புமுனைகள்.

ஒன்று, பட்டதும் விரியுமாம்.
விரியவில்லை.
தோளெலும்பில் மடங்கி
மூன்று நாள் மானோடு நடந்திருக்கிறது.
ஈ மொய்த்த பிறகுதான் கண்டோம்.

மற்றது லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது.
மூட்டில்லை, திருகில்லை.
ஓரத்தை முன்கையில் வைத்தேன்,
மயிர் சத்தமில்லாமல் உதிர்ந்தது.
இது பட்ட மான் ஓடையைக்கூடத் தாண்டவில்லை.

"மொதல்ல வாங்கினது ஏமாத்திடுச்சு சார்,
அப்புறம்தான் பட்டறையில சொல்லி அடிச்சேன்"
விலங்கு பூட்டிய கையை நீட்டி
ரெட்டெப்பா காட்டினான்,
"நடுவுல தண்டு பாருங்க, வளையாது."

பார்த்தேன்.
வளையாது.

பதிவேட்டில் தெலுங்கில் எழுதினேன்:
ஜிங்க, ரெண்டு.
ஆயுதத்தின் நிலை:
முதலாவது பழுது.
இரண்டாவது நல்ல நிலை.
மை காயுமுன் மூடிவிட்டேன்.
எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டது.