பதினாலு கிலோ நானூறு

தள்ளுச்சீட்டில் ஒன்பதாயிரம் தள்ளி எடுத்தேன்.
மீதி ஐம்பத்தோராயிரம்
எக்ஸ்ரே அறை இழுப்பறையில்
இரண்டு நாள் கிடந்தது.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
கதிர் பாயும் அறையைத்தான் யாரும் திறக்கமாட்டார்கள்.

‘அந்தக் காசுக்குப் பழைய ஸ்கூட்டியே வருமே’ என்றாள் லூர்துமேரி,
நைட் டூட்டி, ஆண்கள் வார்டு.
வரும்தான்.
கேப்பர் மலை முந்திரித் தோப்புக்குள்
மழை அறுத்துப்போட்ட செம்மண் பள்ளத்தில்
அது எப்படி இறங்கும் என்று
நான் அவளிடம் கேட்கவில்லை.

ஊரார் முதுகெலும்பைப் பதினோரு வருடம் பார்த்தபின்
போன மாசியில் என்னுடையதைப் பார்த்தேன்.
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே வட்டு பிதுங்கி
இட்லிக் குழியை மீறி வழிந்த மாவு மாதிரி.
சைக்கிளை விடும்மா என்றார் டாக்டர்.
பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் இருந்தால்? என்றேன்.
அவர் அடுத்த படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

லாரன்ஸ் ரோடு கடையில் புதுசு, இருபத்திரண்டாயிரம்.
நடுவில் மஞ்சள் ஸ்பிரிங், என் மணிக்கட்டுப் பருமன்.
மிதித்துப் பார்த்தேன்.
கொடுத்ததில் பாதியை அதுவே தின்றது.
ஒவ்வொரு மிதிக்கும் குனிந்து குனிந்து நிமிர்ந்தது
ஓட்டுக் கேட்டு வருகிறவர் போல.
எடை கேட்டதற்கு
‘கனமா இருந்தாத்தானே கெட்டி’ என்று பதில்.

அடுத்து ஒன்று: முன்னால் மட்டும் ஃபோர்க்,
லேசான அலுமினியம், நல்ல பிரேக், நாற்பத்தேழு.
மெக்கானிக் ஜாபர் சொன்னார்:
‘இதையே எடுங்க.
பின்னாடி ஒண்ணும் இல்லேன்னா
பின்னாடி ஒண்ணும் கெடாது.’
மூன்று இரவு அந்த வாக்கியத்தோடு
புரண்டு புரண்டு படுத்தேன்.
இடப்பக்கம் படுத்தால் வலி கொஞ்சம் குறைவு.

பிறகு புதுச்சேரி. லபோர்த் வீதி. அந்துவான் சவரிநாதன்.
ஜூலையில் துலூஸ் போகிறார்.
நாய்க்கு ஆள் கிடைத்துவிட்டது, வண்டிக்குத்தான் இல்லை.
எட்டு வருடப் பழசு.
முன்னே நூறு மில்லிமீட்டர், பின்னே நூறு.
அறுபத்தைந்து என்றார்.

சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினேன்.
டக்.

நாற்காலியிலிருந்து எழுகிற முழங்காலின் சத்தம்.
அவருக்கும் கேட்டது.
கேட்காதவர் போல நாயைத் தடவினார்.
பேரிங் நாலு, புஷ் இரண்டு,
ஷாக்கைக் கோயம்புத்தூர் அனுப்பி சீல் மாற்றி வரவழைக்க
மூன்று வாரம், எட்டாயிரத்துச் சொச்சம்
என்று விரல் மடக்கினேன்.
நாற்பத்திரண்டுக்கு இறங்கினார்.
‘சைக்கிள் கடை வச்சிருக்கீங்களா?’
இல்லை, மூட்டு பார்க்கிற வேலை.

முள்ளோடை பிராந்திக் கடைகள் வரை எதிர்க்காற்று.
அதற்கப்புறமும் எதிர்க்காற்று.

எடை தெரியாமல் தூக்கம் வராது எனக்கு.
துறைமுகத்தில் வஞ்சிரம் இறக்கிய ஈரத்தோடே
அஞ்சப்பன் தன் கொக்கியில் மாட்டினார்.
முன்சக்கரம் தானாகச் சுழன்றது.
‘பதினாலு கிலோ நானூறு’ என்றார்,
‘செவுளை எடுத்தா இன்னும் குறையும்.’

ஆவணி, முதல் ஞாயிறு.
ஷாக் திரும்பி வந்தாயிற்று, டக் போயிற்று.
ஏற்றத்தில் குனியக்கூடாதென்று லாக் போட்டு
மூச்சு முட்ட ஏறினேன்.
மேலே காய்ந்த முந்திரி இலை,
கீழே போகும் செம்மண் வாய்க்கால்,
அதில் குறுக்கே ஒரு வேர்.
பின்பக்கத்தைத் தூக்கி நின்றுகொண்டே விட்டேன்.
வேர், கல், பள்ளம், இன்னொரு கல்,
அப்புறம் நான் எண்ணவில்லை.

அடிவாரத்தில் ஒரு காலை ஊன்றிக்
காத்திருந்தேன் வலிக்காக.
வரவில்லை.
ஐம்பதாயிரம், பரவாயில்லை என்று நினைத்துக்
குனிந்து பார்த்தால்
லாக் போட்டது போட்டபடியே இருக்கிறது.

வழி நெடுக வாங்கியது என் முட்டிகள் இரண்டும்தான்.

ஜாபரிடம் இதைச் சொல்லப்போவதில்லை.
நீல நெம்பைத் திறந்து
கையால் சீட்டை அழுத்தினேன்.
இறங்கியது, யோசித்து, ஏறியது.
ஜெயில் மணி ஏழு அடித்தது.
டூட்டி எட்டரைக்கு.
இன்னொரு தடவைக்கு நேரமிருக்கிறது,
தள்ளிக்கொண்டுதான் ஏறவேண்டும்.