நிற்க

அமலோற்பவத்துக்கு,
நலம். நலமறிய ஆவல்.
நிற்க.

இந்த ஒரு சொல்லோடுதான் எனக்கு இப்போது தகராறு.
கடிதத்தில் எழுதிவிடுகிறேன்,
கால்தான் கேட்கமாட்டேன் என்கிறது.

மாலின் மூன்றாம் வாசலில்
பன்னிரண்டு மணி நேரம் நிற்பதற்குத்தான் சம்பளம்.
கதவு தானாகத் திறக்கும், தானாக மூடும்.
பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்,
நீலச் சட்டை போட்டு, விழாமல்.

கொரோனா போய் இரண்டு வருஷம் என்கிறார்கள்.
போகும்போது என் உடம்பிலிருந்து
ஏதோ ஒரு திருகாணியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறது.
உட்கார்ந்து எழுந்தால்
ரத்தம் கூட எழுந்து வருவதில்லை.
நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன்,
அது கணுக்காலில் இன்னும்
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.
அதற்குள் காது அடைத்துவிடும்.
எதிரில் அத்தர்க்கடை வெளிச்சம்
ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும்,
தீயில் காட்டிய போட்டோ மாதிரி.

நோன்பு மாதத்தில் ஒருநாள் விழுந்தும்விட்டேன்.
ட்ராலியைப் பிடித்தேன்,
ட்ராலிக்குச் சக்கரம் இருப்பது மறந்துபோனது.
ஒரு குழந்தை சிரித்தது. அதன் அம்மா
தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.
அப்போது உனக்குச் சொல்லவில்லை.

ரோலாவில் ஒரு கிளினிக், டாக்டர் ஷைனி.
பத்து நிமிடம் படுக்கவைத்து அளந்தார்:
நூற்று இருபத்திரண்டு.
எழுந்து நில்லுங்கள் என்றார்.
மூன்றாம் நிமிடம் தொண்ணூற்று நான்கு.
"இது சோம்பலல்ல கேட்டோ" என்றார்
நான் கேட்காமலே.
டாக்ஸிக்குக் கொடுத்த நாற்பது திர்ஹாம்
அந்த ஒரு வாக்கியத்துக்கே சரியாகப் போனது.

பிறகு, உப்பைக் கூட்டுங்கள் என்றார்.
சிரித்துவிட்டேன்.
வேம்பாரில் நீ வெயிலோடு சேர்த்து வாரிக் குவிப்பதை
ஷார்ஜாவில் எனக்கு மருந்தாக எழுதுகிறார்கள்.
உன் அப்பாவுக்குக் கருவாட்டைக்கூடக்
கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறோம்,
எனக்குக் கஞ்சியில் இன்னும் அரைக் கரண்டி.
அவரிடம் இதைச் சொல்லாதே.
இது எனக்கு மட்டும் எழுதிய சீட்டு.

எழுவதற்கு முன் இரண்டு தம்ளர் தண்ணீர்.
தொடைவரை இறுக்கும் காலுறை,
ஆகஸ்டில், பாலியஸ்டர் பேண்ட்டுக்குள்.
நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும்,
காலைப் பின்னித் தொடையை இறுக்க வேண்டும்.
பார்ப்பவர்கள் பாத்ரூம் அவசரம் என்று நினைக்கலாம்,
நினைக்கட்டும்.
வெள்ளிக்கிழமைப் பூசையில் நற்செய்திக்கு
எல்லோரும் எழுந்தார்கள், நான் எழவில்லை.
பின்வரிசையில் ஒருவர் என் முதுகை முறைத்தது தெரிந்தது.
ஆண்டவருக்குப் பிரஷரும் தெரியும்.

சூப்பர்வைசர் ஞானதுரையிடம்
ஒரு ஸ்டூல் கேட்டிருக்கிறேன், டாக்டர் சீட்டோடு.
"செக்யூரிட்டி உட்கார்ந்தா
கம்பெனியே உட்கார்ந்த மாதிரிடே" என்றார்.
திங்கட்கிழமை சொல்கிறேன் என்றார்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

கட்டிலின் தலைப்பக்கம் உயரணுமாம்.
கேம்ப் கட்டில் உனக்குத் தெரியும், இரண்டடுக்கு.
மேலே படுத்திருந்த நான் இறங்கத் திணறுவதைப் பார்த்து
கீழ்ப்படுக்கையைத் தானே காலிசெய்தான்
திலக் தாபா, நேபாளி.
அவனே எங்கிருந்தோ சிமெண்ட் கல் இரண்டு கொண்டுவந்து
கட்டில் காலுக்குக் கொடுத்தான்.
எனக்குச் சாய்த்தால் அவனுக்கும் சாயும் அல்லவா.
மூன்று வாரமாக
ஒரு நோயும் இல்லாத மனிதன்
மேலே சரிவில் தூங்குகிறான்.
பாதி ராத்திரி வழுக்கிக் கீழே வந்து
தலைமாட்டுக்கு மறுபடி ஏறும் சத்தம் கேட்கும்.
காலையில் கேட்டால்
எங்கள் ஊரில் எல்லாமே சரிவுதான் என்கிறான்.

எழுந்ததும் உடனே நிற்கக் கூடாது,
காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.
அந்த இரண்டிரண்டு நிமிடங்களில் எழுதியது இது,
பதினொரு நாளாக. அதுதான்
கையெழுத்து ஒவ்வொரு பத்திக்கும் மாறுகிறது.

இப்போது பாதம் கொஞ்சம் சூடாகிறது.
பஸ்காரன் இரண்டாம் முறை ஹாரன் அடிக்கிறான்.
நான் அவசரப்படக் கூடாது.
மீதி நாளைக்கு.