பிழைத்தது

டிசம்பர் மூடுபனியில் குந்தி உட்கார்ந்து
உன் அடித்தண்டை நகத்தால் கீறுகிறேன்.
சிவப்பு.
கோதுமையைக் கீறினால் பச்சை.
முளைத்து இருபத்தைந்தாம் நாளில்
உனக்கும் அதற்கும் வித்தியாசம்
இவ்வளவுதான், மண்டூசி:
என் நகக்கண்ணில் ஒட்டும் ஒரு பொட்டுச் சிவப்பு.

பக்கத்து வயலில் ரிசாலோ இருமுவது கேட்கிறது.
ரிசாலோவைக் காணோம்.

நான் மருமகளாய் வந்த வருஷம்
மருந்து என்றால் வெள்ளைப் பொடி.
மணலில் கலந்து, யூரியா வீசுவதுபோல்
வீசிக்கொண்டே போவார் பல்ஜோர்.
பத்து நாளில் நீ வைக்கோல் நிறமாவாய்.
அன்று ஜிலேபி வாங்கித் தின்றோம் என்றால் நம்பு.
ஏக்கருக்கு ஒரு பொட்டலம் என்றார் கடைக்கார சிங்லா.
மூன்று ஏக்கருக்கு இரண்டு போதும் என்றது
எங்கள் கைச்சிக்கனம்.
செத்தது ஆயிரம்.
சாகாதது பத்தோ பன்னிரண்டோ.
யார் எண்ணினார்கள்?

அந்தப் பன்னிரண்டும்
கட்டைவிரல் நீளத்துக்குக் கதிர் விட்டன.
கோதுமை பழுக்கும் முன்பே உதிர்ந்தன.
பாட்டியாலா பக்கத்துக் கம்பைன் வந்து
தூசி கிளப்பி நின்றபோது
நீ ஏற்கெனவே மண்ணுக்குள் படுத்திருந்தாய்.
மிச்சம் மீதி அதன் வயிற்றில் ஏறி
ரிசாலோ வயலுக்கும் போனாய்.

பத்தாம் வருஷம்
பால் பிடித்த கோதுமையை
உன்னோடு சேர்த்து அறுத்து
எருமைக்குப் போட்டோம்.
எருமை வித்தியாசம் பார்க்கவில்லை.
சாணியில் நீ முழுசாக வந்தாய்.
எருவண்டியில் ஏற்றி
நாங்களே உன்னை
வயலுக்குத் திரும்பக் கூட்டிவந்தோம்,
மறுவீடு அழைப்பதுபோல.

பிறகு புது டப்பா.
நாலைந்து வருஷம் கழித்து இன்னொன்று.
சிங்லா கடை ஒரு மாடி எழும்பியது.
குருக்ஷேத்திரம் இங்கிருந்து ஒரு மணி நேர பஸ்;
யுத்தம் என்ற சொல்
எங்கள் பக்கம் சுலபமாக வாயில் வரும்.
டப்பாமேல் வில், அம்பு, தேர்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.
விதைக்கோதுமையை முறத்தில் புடைத்து
நல்ல மணி பொறுக்குகிறேனே,
அதே கவனத்தோடு வருஷா வருஷம்
தாங்குகிற உன்னைப் பொறுக்கி வைத்தோம்.
உன் வம்சத்தை வளர்த்தது நாம்தான்
என்றால் பல்ஜோர்
சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுகிறார்.

பிழைத்தது.
உயிர் தப்பினாலும் இந்தச் சொல்,
தப்பு செய்தாலும் இந்தச் சொல்.
நாங்கள் பிழைத்தோம்.
நீ பிழைத்தாய்.

நேற்று ராத்திரி சண்டை.
இரண்டு கில்லாவில் இந்த முறை
பெர்சீம் போடலாம் என்றேன்,
ஆறு தடவை அறுப்பு,
நீ தலையெடுக்கும் போதெல்லாம் அரிவாள்.
"கோதுமைக்கு மண்டியில் விலை எழுதியிருக்கிறது.
உன் தீவனத்துக்கு எவன் எழுதுவான்?"
மாவு மூட்டையின் மேல் பென்சிலால்
கணக்குப் போட்டுக் காட்டினேன்:
டப்பா, டீசல், கூலி, மறுபடி டப்பா.
வெகுநேரம் மூட்டையையே பார்த்திருந்தார்.
கடைசியில் ஒரு கில்லா கொடுத்தார்,
கால்வாய் ஓரத்து உப்புப் பூத்த மூலை.
மற்றதில் அடுத்த வருஷம்
நெல்தாளைக் கொளுத்தாமல், உழாமல்,
அக்டோபர் கடைசியிலேயே விதைப்பு.
மண்ணைக் கிளறினால் நீ விழித்துக்கொள்கிறாய்.
தூங்கு.
எத்தனை வருஷம் தூங்குவாய் என்று
எனக்குத் தெரியாது.
சிங்லாவுக்கும் தெரியாது.

விரல் மரத்துவிட்டது.
கீறுகிறேன், பிடுங்குகிறேன்,
கீறுகிறேன், பிடுங்குகிறேன்.
இப்போது, கீறாமலே ஒன்றைப் பிடுங்கிவிட்டேன்.
பிடுங்கிய பிறகு கீறினால்
பச்சை.

ரிசாலோ இருக்கும் திசையைப் பார்த்தேன்.
பனி.
அதே குழியில் திரும்ப வைத்து
கட்டைவிரலால் மண்ணை அழுத்தினேன்.

பிழைக்குமா,
தெரியவில்லை.